திருத்தணிப் படிகளில் திருப்புகழ்: டிசம்பர் 31-இல் குழுவோடு சேர்ந்து பாடுவது எப்படி

டிசம்பர் 31, திருத்தணி முருகன் கோயிலின் படித் திருவிழா நாள். அன்று மலைப்படியில் கால் வைத்தால் அடிவாரம் முதல் உச்சி வரை பாட்டுதான். பாடுகிறவர்கள் மேடைக் கலைஞர்கள் அல்ல. அரக்கோணத்து ரயில்வே ஊழியர், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர், நகரியில் கடை வைத்திருப்பவர், புத்தூரில் பள்ளி ஆசிரியை என்று எல்லாரும் இருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் நின்று குரல் கொடுக்கலாம். அப்படி ஆசையோடு போகும் புதியவர்களில் பலர் இரண்டாம் பாட்டிலேயே வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். குரல் வளம் போதாதது அதற்குக் காரணம் அல்ல. பாட்டின் ஓசைக்கட்டான சந்தத்தைப் பிடிக்காமல் சொற்களைத் துரத்துகிறார்கள், ஏறிக்கொண்டே பாடி மூச்சைத் தொலைக்கிறார்கள். இந்த இரண்டையும் நான்கு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

முதலில் விழாவைப் பற்றிக் கொஞ்சம். திருத்தணியில் படிகள் 365, ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாகக் கணக்கு. ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைப் போய்ப் பார்க்கும் பழக்கம் இருந்த காலத்தில், அதை விட்டுத் தணிகைத் துரையான முருகனைப் பார்க்க வாருங்கள் என்று அன்பர்களைக் கூட்டிப் படிக்குப் படி திருப்புகழ் பாடி ஏறியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917-இல் தொடங்கிய வழக்கம் அது. அன்று திருத்தணியும் இன்றைய ஆந்திரப் பகுதியும் ஒரே சென்னை மாகாணம். பிறகு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எல்லை நகர்ந்தாலும் பாட வருகிறவர்கள் மாறவில்லை. நகரி, புத்தூர், சித்தூரில் இருந்து தெலுங்கு பேசும் குழுக்களும், கர்நாடகத்தில் இருந்து வரும் குழுக்களும் அதே அருணகிரிநாதரைத்தான் பாடுகின்றன. 'அரோகரா'வும் 'ஹரோம்ஹர'வும் ஒரே படியில் கலந்து கேட்கும்.

குழுவில் சேர்வது

தனியாகப் போய்ப் படியில் கண்ட குழுவோடு ஒட்டிக்கொள்ளலாம், யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் முதல் ஆண்டில் அது வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் பாட்டு வரிசை வேறு, மெட்டு வேறு. ஒரே பாட்டை ஒரு குழு சதுஸ்ரத்தில் (நான்கு நான்காக எண்ணும் நடையில்) நிதானமாகப் பாடும், இன்னொன்று வேறொரு ராகத்தில் ஓட்டிப் பாடும். கார்த்திகை மாதத்திலேயே ஒரு குழுவைப் பிடித்துவிடுங்கள். சோளிங்கர், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, நகரி பக்கத்து ஊர்களில் மாதக் கிருத்திகை இரவில் முருகன் கோயிலுக்குப் போனால் பாடும் குழு ஒன்று கண்ணில் படும். பாட்டு முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்தில் ஜால்ரா போடுபவரிடம் போய், "சாமி, படித் திருவிழாவுக்கு நானும் கூட வரலாமா?" என்று கேட்டால் போதும். இங்கே ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லாருக்கும் 'சாமி'தான். அடியை முதலில் எடுத்துப் பாடும் முன்பாட்டுக்காரரை மட்டும் வயது பார்த்து ஐயா, அண்ணா, அம்மா என்பார்கள்.

அப்போதே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பாட்டு? சுருதி என்ன கட்டை (ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையைச் சட்ஜமமாக வைக்கிறார்கள்)? எத்தனையாவது படியில் இருந்து எத்தனையாவது படி வரை? கடைசிக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்பது அல்ல. 'படிக்கு ஒரு பாட்டு' என்று சொல்வது வழக்கம். ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் என்றாலும் 365 பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு குழு சில படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், அல்லது ஒரு பாட்டைப் பிரித்து படிக்கு ஓர் அடியாகப் பாடி ஏறும், அல்லது பத்துப் படிக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளும். உங்கள் குழுவின் முறை தெரியாமல் போனால் அவர்கள் நிற்கும்போது நீங்கள் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

சந்தத்தைப் பிடிப்பது

கிடைத்திருக்கும் திருப்புகழ்ப் பாடல்கள் 1,300-க்கு மேல். உங்களுக்கு ஆறு போதும். விநாயகர் வணக்கமாக 'கைத்தல நிறைகனி', திருத்தணிப் பாடல்களில் மூன்று, எல்லாக் குழுவும் பாடும் 'ஏறுமயிலேறி', கடைசியில் கந்தபுராண வாழ்த்தான 'ஆறிரு தடந்தோள்'. திருத்தணிப் பாடல்களில் ஒன்று கட்டாயம் 'இருமலு ரோக' ஆக இருக்கட்டும். தணிகை என்றாலே அதை எடுக்காத குழு அரிது.

பாடம் செய்ய உட்காரும்போது ராகத்தைத் தொடாதீர்கள். முதல் வாரம் முழுக்க சந்தத்தை மட்டும் வாயால் சொல்லுங்கள். கைத்தல நிறைகனியின் ஓரடி இப்படிப் போகும்:

தத்தன தனதன தத்தன தனதன தத்தன தனதன தனதான

'தத்தன' நான்கு மாத்திரை, 'தனதன' நான்கு மாத்திரை. மூன்று இணை சேர்ந்தால் 24. கடைசியில் தொங்கிக்கொண்டு நிற்கும் 'தனதான'வுக்குத் தொங்கல் என்று பெயர். எழுத்தை எண்ணினால் அது ஐந்து மாத்திரைதான். பாடும்போது நீட்டி எட்டு ஆக்க வேண்டும். 24-ம் 8-ம் 32. ஆதி தாளத்தில் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, கச்சிதமாக முடியும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். 'னடிபேணி' என்று சட்டென்று முடித்துவிட்டு அடுத்த அடிக்குத் தாவுகிறார்கள். குழு இன்னும் 'ணி'யில் நீண்டுகொண்டிருக்கும். கடைசி இரண்டு எண்ணிக்கை முழுவதும் தொங்கலுக்குச் சொந்தம் என்பதை விரலில் எண்ணிப் பழகுங்கள்.

இருமலு ரோக வேறு கணக்கு.

தனதன தான தனதன தான தனதன தான தனதான

'தனதன' நான்கு, 'தான' மூன்று, சேர்த்து ஏழு. மூன்று முறை வந்தால் 21. தொங்கலை ஏழாக நீட்டினால் 28, அதாவது நான்கு ஏழு. மிஸ்ர நடை. இதற்கு ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று சீராகக் கைதட்டினால் முதல் 'ரோக'விலேயே கை வழுக்கும். தட்ட வேண்டியது இரண்டே இடம்: நான்கின் தலையில் ஒன்று, மூன்றின் தலையில் ஒன்று. '*இரு*மலு *ரோ*க *முய*லகன் *வா*த'. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி நீளம், குட்டை, நீளம், குட்டை என்று வரும். நடக்கும்போது இதைப் பழகாதீர்கள். நடை இரண்டு இரண்டாகவே போகும், தாளத்தைக் கெடுத்துவிடும். உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழக வேண்டும்.

இரண்டாம் வாரம் சந்தத்தின் மேல் சொற்களை வையுங்கள். புத்தகத்தில் அடிகள் சந்தப்படி வெட்டி அச்சாகியிருக்கும், பொருள்படி அல்ல. இருமலு ரோகவின் முதல் அடி 'விடமேநீ' என்று முடிந்து அடுத்த அடி 'ரிழிவு' என்று தொடங்கும். நீரிழிவு நடுவில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அங்கே மூச்சு வாங்கினால் சொல் செத்துப்போகும். 'நீ'யை ஏழு மாத்திரை முடியும் வரை இழுத்து, மூச்சை விடாமல் 'ரிழிவு' என்று எடுத்து, அதற்குப் பிறகு வாங்க வேண்டும். ஆகவே பென்சிலால் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒன்று போதும், அடி முடிவில் அல்ல, சொல் முடிவில். பதம் பிரித்த உரைநூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறித்தால் தப்பு நேராது.

மூன்றாம் வாரம்தான் மெட்டு. குழு பாடியதைக் கைபேசியில் பதிந்து வைத்துக் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் கச்சேரிப் பதிவை வைத்துப் பழகிவிட்டுப் போனால் படியில் நீங்கள் ஒருவர் மட்டும் ஆலாபனை செய்துகொண்டிருப்பீர்கள். நான்காம் வாரம் நின்றுகொண்டு பாடுங்கள். உட்கார்ந்து வரும் மூச்சும் நின்று வரும் மூச்சும் வேறு.

ஆறு பாட்டும் மனப்பாடம் ஆகவில்லையா? தொங்கல்களை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். அடி ஓடும்போது கையைத் தட்டிக்கொண்டு காத்திருந்து, தொங்கலில் குழுவோடு விழுங்கள். எட்டு அடியில் எட்டு முறை சரியான இடத்தில் உங்கள் குரல் சேரும். எல்லாச் சொல்லையும் அரைகுறையாக முணுமுணுப்பதைவிட இது நூறு மடங்கு மேல். குழுவுக்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டாம் ஆண்டில் மீதிச் சொற்கள் தாமாக வந்துவிடும்.

தெலுங்கு பேசும் அன்பர்கள் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்கள். அந்த எழுத்தில் ழகரம் இல்லை, அதனால் 'இழிவு' 'இளிவு' ஆகும். நடுப்படியில் நின்று அதைத் திருத்தப் போகாதீர்கள். க, ச, ட, த, ப எங்கே வல்லோசை, எங்கே மெல்லோசை என்பதைத் தெலுங்கு எழுத்து தனித்தனியாகக் காட்டும். அதைப் பார்த்துப் பாடுகிறவர்களின் சந்தம் பல நேரம் நம்மைவிடத் துல்லியமாக விழும்.

சுருதியும் வாத்தியமும்

ஆண்கள் மட்டும் என்றால் ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்கள் மட்டும் என்றால் ஐந்து கட்டையை ஒட்டி. சேர்ந்து பாடும்போதுதான் சண்டை. ஒன்றரைக் கட்டையில் வைத்தால் பெண்களுக்கு மேல் ஸ்தாயி கிறீச்சிடும்; மூன்று, நான்கு என்று நடுவில் வைத்தால் ஆண்களுக்கு உச்சம் எட்டாது, பெண்களுக்குக் கீழே குரல் விழாது. எங்கள் பரிந்துரை ஆறு அல்லது ஆறரை கட்டை. பெண்கள் தங்கள் இயல்பான இடத்தில் பாட, ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே நிற்கலாம். படியில் பாடும் மெட்டுகள் பெரும்பாலும் சட்ஜமத்தில் தொடங்கி மேல் சட்ஜமத்தைத் தொட்டுத் திரும்புபவை, அதனால் இருவருக்கும் இடம் போதும். மார்கழி விடியலில் தொண்டை திறக்க நேரம் பிடிக்கும், கீழ்ச் சுருதி அதற்கும் நல்லது.

ஹார்மோனியத்தைக் கழுத்துப் பட்டையில் மாட்டி ஏறுவது முதுகை ஒடிக்கும் வேலை, பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு பேர் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது இளைப்பாறும் மண்டபங்களில் மட்டும் இறக்கி வைத்து வாசியுங்கள். பனியில் மரக்கட்டைகள் ஈரம் குடித்துச் சில கட்டைகள் அழுத்தினால் எழாமல் நின்றுவிடும். முந்தின இரவு திறந்த இடத்தில் வைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியிலும் எட்டிப் பார்க்கும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும். ஹார்மோனியம் இல்லாத இடத்தில் பேட்டரி சுருதிப்பெட்டி. கைபேசிச் செயலியின் ஒலி அந்தக் கூட்டத்தில் இரண்டாம் வரிசைக்குக்கூட எட்டாது. சுருதியே இல்லாமல் பாடும் குழு பாட்டுக்குப் பாட்டு கீழே இறங்கிக்கொண்டே போகும். யாராவது உற்சாகத்தில் ஒரு பாட்டைத் தூக்கி எடுத்துவிட்டால் அதோடு தொண்டை கட்டும்.

மிருதங்கத்துக்குக் குளிர் பகை. தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சுருதி இறங்கும். கட்டையும் கல்லும் கொண்டு விளிம்பைத் தட்டி ஏற்றலாம். அரை மணியில் மறுபடி இறங்கும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவையை வழக்கத்தைவிடக் குறைவாக அப்புங்கள், குளிரில் காயாமல் வழியும். தோலைச் சூடாக்குகிறேன் என்று கற்பூரத் தட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கம்பளிப் பையில் வைத்து, வாசிக்கும்போது மட்டும் எடுப்பது நல்லது. நின்றபடி வாசிக்க டோலக்கே வசதி, கயிற்று வளையத்தை நகர்த்திச் சட்டென்று இறுக்கிவிடலாம். கஞ்சிரா வேண்டாம். ஈரம் பட்டதும் அது பேச்சை நிறுத்திவிடும்.

ஜால்ராதான் புதியவர்கள் கை நீட்டும் வாத்தியம். அதுதான் குழுவைக் கெடுப்பதும். இருபது பேருக்கு இரண்டு ஜோடி போதும், மூன்றுக்கு மேல் போனால் சொல் கேட்காது. கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கிண்ணம் உள்ளங்கையில் படாமல் தொங்கும்படி பிடிக்க வேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்து அறைந்தால் நடுவில் காற்று அடைபட்டு 'டப்' என்று மந்தமாக ஒலிக்கும். ஒன்றைச் சற்றுச் சாய்த்து, விளிம்பு விளிம்பில் உரசும்படி தட்டினால் கணீரென்று வரும். மரத் தாளமான சப்ளாக்கட்டையும் அப்படித்தான், மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கையால் தட்டுங்கள். தாளம் உடம்பில் ஏறிய பிறகு, யாராவது நீட்டினால் வாங்குங்கள்.

இன்னொன்று. பாட்டுக்கு முன்னால் முன்பாட்டுக்காரர் விருத்தம் எடுப்பார். அதற்குத் தாளம் கிடையாது. அப்போது கை தட்டுவது, ஜால்ராவைச் சோதித்துப் பார்ப்பது, கூடவே இழுப்பது எல்லாம் கூடாது. விருத்தம் முடிந்து 'வெற்றிவேல் முருகனுக்கு' என்று அவர் குரல் கொடுத்ததும் முழுத் தொண்டையில் அரோகரா. பாட்டே தெரியாதவரும் கூச்சமில்லாமல் சேரக்கூடிய இடம் அதுதான்.

படியில் நிற்பதும் ஏறுவதும்

ஏறும்போது பாடாதீர்கள், பாடும்போது ஏறாதீர்கள். இதை மீறினால் நாற்பதாவது படியில் இளைப்பு வந்துவிடும். தொங்கலை நீட்ட மூச்சு இருக்காது, அங்கிருந்து சுருதியும் இறங்கும். ஏறு, நில், ஒரு மூச்சு விடு, பாடு. முன்பாட்டுக்காரர் அடியை எடுக்கும்போது பின்பாட்டுக்காரர்கள் கால் மாற்றலாம், தங்கள் முறை வருவதற்குள் இரண்டு காலும் ஒரே படியில் ஊன்றியிருக்க வேண்டும்.

குழு நீண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். தலைக்கும் வாலுக்கும் 30 மீட்டர் இடைவெளி விழுந்தால் பத்தில் ஒரு பங்கு நொடிக்குப் பக்கமாகத் தாமதம். வேகமான சந்தத்தில் அது ஏறக்குறைய ஒரு மாத்திரை. வாலில் நிற்பவர் தாளத்தைச் சரியாகத்தான் போடுவார், ஆனால் தலையில் நிற்பவருக்கு அவர் பிந்துவதாகக் கேட்கும். அவர் இழுக்க, இவர் தள்ள, பாட்டு தடுமாற ஆரம்பித்துவிடும். டோலக்கும் ஜால்ராவும் நடுவில், முன்பாட்டு அதற்கு இரண்டு படி மேலே, மற்றவர்கள் சுற்றி நெருக்கமாக. மேலே இன்னொரு குழு வேறு பாட்டில் இருந்தால் முப்பது படியாவது இடைவெளி விட்டு நில்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் அவர்கள் முடிக்கும் வரை காத்திருங்கள். இரண்டு சுருதி மோதும்போது தோற்பது எப்போதும் பெட்டி இல்லாத குழுதான்.

கையடக்க ஒலிபெருக்கி கொண்டுவரும் வழக்கம் இப்போது பரவுகிறது. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பக்கத்துக் குழு பத்தையும் அது விழுங்கிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குளிர்ந்த விடியலில் தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ந்து கிடக்கும், அதனால் ஒலி மேலே சிதறாமல் வளைந்து கீழேயே தவழும். இருபது பேர் வெறும் குரலில் பாடுவது அடிவாரத் தெருவரை கேட்கும்.

செருப்பு கீழேயே. கல் சில்லென்று இருக்கும், பனி ஈரமும் படிந்திருக்கும். அதைவிட ஆபத்து, படிக்குப் படி வைக்கும் மஞ்சளும் குங்குமமும் தேங்காய்த் தண்ணீரும் சேர்ந்த குழம்பு. படியின் நடுவில் மிதிக்காமல் ஓரமாக, பாதம் முழுவதும் பதியும்படி வையுங்கள். எரிகிற கற்பூரத்தைத் தாண்டாதீர்கள். அணையும் வரை கீழ்ப்படியில் நில்லுங்கள். நைலான் புடவை, பாலியெஸ்டர் சால்வை, தொங்கும் துப்பட்டா மூன்றும் அன்று வீட்டிலேயே இருக்கட்டும், பருத்திதான் சரி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

படிபூஜையையும் உங்கள் குழுவே ஏற்றால் 365 படிக்குக் கணக்கு இது. மஞ்சள்தூள் 400 கிராம், குங்குமம் 200 கிராம், சின்னக் கற்பூர வில்லை அரைக் கிலோ, உதிரிப்பூ இரண்டு மூன்று கிலோ, தேங்காய் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும். மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைக்காமல் அரை ஈரமாக வைத்தால் வழுக்காது. காற்றில் லைட்டர் நிற்காது. கண்ணாடிக் கூண்டுள்ள ஒரு விளக்கும் நீளமான ஊதுபத்திகளும் இருந்தால் வில்லைகளை எளிதாகப் பற்றவைக்கலாம். ஒருவர் பொட்டு, ஒருவர் பூ, ஒருவர் கற்பூரம். அந்த மூவரும் பாட்டில் சேர மாட்டார்கள், ஐம்பது படிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். காலி உறைகளுக்கு ஒரு சாக்குப்பை.

குளிரும் தொண்டையும்

இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். ஊட்டிக்காரர் சிரிப்பார், ஆனால் மலைக்காற்றில் அசையாமல் நின்று பாடுகிறவருக்கு அது போதும். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு. குல்லா போட்டால் ஒரு காதையாவது திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுருதி கேட்காது. தன் குரல் மட்டும் உள்ளே முழங்க, கத்த ஆரம்பிப்பீர்கள்.

ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீர். சுக்குக் காப்பி நல்லது, ஆனால் பாட்டுக்கு அரை மணி முன்னால். பாட்டுக்கு நடுவில் காரம் பட்டால் இருமல் வரும். பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு பாடுவது ஆபத்து, மூச்சோடு உள்ளே போய்விடும். நிற்கும்போது சப்புங்கள். முந்தின இரவு தயிர், ஐஸ் வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள். அதைவிட முக்கியம் தூக்கம். இரவெல்லாம் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்த குரல் பத்தாவது படியில் கம்மிவிடும். கற்பூரப் புகை நேராக முகத்துக்கு வரும் இடத்தில் நிற்காமல் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மேல்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

எப்போது போவது

காலையிலேயே முதல் படிக்குப் பூஜை போட்டுக் குழுக்கள் ஏறத் தொடங்கிவிடும். மாலைக்குப் பிறகு வருகிற கூட்டம் பாட வருவது அல்ல, நள்ளிரவுப் புத்தாண்டு தரிசனத்துக்கு வருவது. அந்த நெரிசலில் நின்று பாட இடம் கிடைக்காது, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும். முதல் முறை போகிறவர்கள் காலைக் குழுவோடு ஏறி மதியத்துக்குள் மேலே போய்விடுங்கள். சென்னைப் பக்கத்தில் இருந்து வருபவர்களுக்கு அரக்கோணம் வழியாக மின்ரயில் உண்டு. நேர் வண்டி கிடைக்காவிட்டால் அரக்கோணத்தில் இறங்கி 13 கிலோமீட்டர் பஸ்ஸில் வரலாம். திருப்பதி, புத்தூர், நகரியில் இருந்து பஸ் அடிக்கடி. மலைமேல் வரை வண்டிப்பாதை இருந்தாலும் அன்று சொந்த வண்டியை மேலே விடுவார்கள் என்று நம்பி வர வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் 365-ஐயும் ஏற வேண்டும் என்று சட்டம் இல்லை. அடிவாரத்தில் முதல் பாட்டுக்கு நின்று, கோயில் பஸ்ஸில் மேலே போய், குழு கடைசிப் படிகளுக்கு வரும்போது சேர்ந்துகொள்ளலாம். குழுவுக்கு அது பெரிய உதவியும்கூட. 300 படிக்கு மேல் வந்தவர்களின் தொண்டை வறண்டிருக்கும், அந்த இடத்தில் களைப்பில்லாத நான்கு குரல் சேர்ந்தால் பாட்டு நிமிரும்.

மேலே போனதும் வாழ்த்துப் பாடி முடிப்பார்கள். அது முடியும் முன்பே வரிசைக்கு ஓடாதீர்கள். வாத்தியங்களை யார் பார்த்துக்கொள்வது என்று இருவர் இருவராக முறை வைத்துத் தரிசனத்துக்குப் போங்கள். இறங்கும்போது ஜால்ரா ஜோடிகளை எண்ணிப் பைக்குள் போடுங்கள், மிருதங்கத் தொப்பியில் ஒட்டிய ரவையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், ஹார்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கி மாட்டுங்கள். மறுநாள் குரலுக்கு முழு ஓய்வு. தை பிறந்ததும் வரும் கிருத்திகைக்கு அதே கோயிலில் அதே குழு உட்காரும். படியில் தொங்கலில் மட்டும் சேர்ந்த பாட்டுகளின் மீதி அடிகளை அங்கே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.